அரளிக்கும் எருக்குக்கும் என்ன உறவு?

ரொட்டி சானாயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஆப்ரின் காரைவிட்டு இறங்கினாள். கேட்டுக்குப் பின்னால் காத்திருந்த அம்மையார் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உள்ளே வாங்கோ. ஆனா ஒண்டையும் தொடக்கூடாது."

ஆப்ரின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல்களில் இன்னும் பருப்புக் குழம்பு வாசம் போகவில்லை. முன்னால் நடந்த விஜயேந்திரன் தலையை மட்டும் அசைத்தார்.

விஜயேந்திரனுக்குக் குளுவாங் நகரில் ஒரு தையல் இயந்திரக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம். அதற்கு முன்பு காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய்க் கணக்கு காட்டுபவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆப்ரின் அவருடைய உதவியாளர். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, தேநீர் வாங்கி வருவது எல்லாம் அவள் பொறுப்பு. மூளையும் தன் பொறுப்புதான் என்பது அவள் கட்சி. அதைப் பற்றி விஜயேந்திரன் இதுவரை கருத்துச் சொன்னதில்லை.

காலையில் தொலைபேசியில் "திருட்டு" என்று கேட்டதும் நகையாக இருக்கும் என்று ஆப்ரின் நினைத்திருந்தாள். போனது ஒரு தொட்டிச் செடி என்று ரெங்கம் என்ற இந்த ஊருக்கு வரும் வழியில்தான் விஜயேந்திரன் சொன்னார். அப்போதே அவள் ஒன்று கேட்டுவிட்டாள்: "பாஸ், கண்டுபிடிச்சா கைவிலங்கை எந்தக் கிளையில மாட்டுறது?"

ஆனால் கேட்டுக்குப் பின்னால் நின்ற முனைவர் தவமணிதேவியின் சிவந்த கண்களைப் பார்த்த பிறகு அவளுக்கு வேடிக்கை பேச மனம் வரவில்லை.

தவமணிதேவி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் மற்றவர்களுக்குச் சங்கிலி தொங்கும் இடத்தில் அவருக்குக் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். காணாமல் போனது ஒரு மெழுகுப்பூக் கொடி. செடிப் பைத்தியங்கள் அதை ஹோயா என்பார்கள். பண்டார் தெங்காரா பக்கம் ஒரு காட்டை எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்காக அழித்தபோது, அனுமதி வாங்கிக்கொண்டு, வெட்டி விழுந்த மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து அவர் எடுத்து வந்தது. இலை, தண்டு, வேர் எதுவும் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை.

"பூக்காத செடிக்குப் பேர் வைக்க ஏலாது, தம்பி. பூவைப் பார்த்துத்தான் இன்னார் எண்டு சொல்லலாம். மூண்டு வருஷம் காத்திருந்து இப்பதான் மொட்டு விட்டது. நாளைக்குப் பினாங்கிலிருந்து ஒரு நிபுணர் வாறார்."

"அந்தக் காட்டுல வேற கொடி இருக்காதா டாக்டர்?" என்று ஆப்ரின் கேட்டாள்.

"அந்தக் காடே இல்லை, பிள்ளை."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே கொடியாகக்கூட அது இருந்திருக்கலாம் என்பது ஆப்ரினுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் பின்னால் வலைக்கூரை போட்ட தோட்டம். அழகுக்காகவோ வெயிலுக்காகவோ அடுக்கிய தோட்டம் அல்ல அது. செடிகள் சொந்தபந்தப்படி நின்றன. வாசலில் செண்பகம். அங்கிருந்து செங்கல் பாதை ஒன்று கிளம்பி இரண்டாகப் பிரிந்தது, பிறகு ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்தது. பாதை பிரிகிற ஒவ்வோர் இடமும் ஆதியில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்த இடம் என்று தவமணிதேவி சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை நெருங்கிய உறவு, தூரத்தில் நிற்பவை தூரத்து உறவு.

பாதையின் கடைசியில் அரளிக் குடும்பம். செவ்வரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, குட்டைக் கம்போஜா. எல்லாவற்றுக்கும் தலைக்குமேலே ஒரு இரும்புக் கொக்கி வெறுமையாகத் தொங்கியது.

"கொடி இங்கதான் தொங்கினதா?" விஜயேந்திரன் கேட்டார்.

"ஓம். அரளியின்ர தங்கச்சி முறை."

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள் என்று அவரே தொடர்ந்தார். எருக்கும் இந்த மெழுகுப்பூக் கொடியும் எருக்குக் குடும்பம் என்று தனியாக இருந்தவை. காரணம் மகரந்தம். அரளி வகையில் மகரந்தம் தூளாக இருக்கும். எருக்கு வகையில் அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால் வேறு குடும்பம்தானே என்று இருநூறு வருஷம் நம்பினார்கள். மரபணுவைப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எருக்குக் கூட்டம் அரளிக் குடும்பத்துக்கு உள்ளேயே முளைத்த ஒரு கிளை. இரண்டையும் சேர்த்து இப்போது ஒரே குடும்பம்.

"கல்யாணம் பண்ணித் தனி வீடு போன பையன், சொந்தக்காரன் இல்லன்னு ஆயிடுமா லா," என்றாள் ஆப்ரின்.

தவமணிதேவி முதன்முறையாகச் சிரித்தார். "என்ர மாணவர்களுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு பருவம் எடுக்கும்."

விஜயேந்திரன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கிக்கு நேர் கீழே செங்கல்லில் நாலைந்து வெள்ளைச் சொட்டுகள் காய்ந்திருந்தன. கொடியின் பால். வலைக்கம்பியைச் சுற்றியிருந்த இளந்தண்டு ஒன்றைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள். பிய்த்து இழுக்கவில்லை. பக்கவாட்டுக் கேட்டின் தாழ்ப்பாள் ஒழுங்காகப் போட்டிருந்தது. விலை போகிற ஆர்க்கிட் வரிசை அப்படியே இருந்தது.

தவமணிதேவி முந்தாநாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது கொடி இருந்தது. நேற்று முழுவதும் கண் பரிசோதனைக்காக ஜோகூர் பாருவில் இருந்துவிட்டு இரவு திரும்பினார். இன்று காலையில் பார்த்தால் இல்லை.

"வேற ஏதாவது இடம் மாறியிருக்கா?"

"அந்த எருக்குச் சட்டி. இந்த அரளிக்குப் பக்கத்தில நிண்டது. கள்ளன் கால் தடுக்கித் தள்ளி விட்டிருப்பான்."

பாதைக்கு அந்தப் பக்கம், யாரோடும் சேராமல், எருக்கு தன்னந்தனியாக நின்றது. ஆப்ரின் போய்ப் பார்த்தாள். பெரிய மண்சட்டி. அதற்கு அடியில் தண்ணீர்த் தட்டும் சரியாக நடுவில் இருந்தது. கால் தடுக்கிய திருடன் தட்டையும் எடுத்துவந்து அடியில் வைத்திருக்கிறானே என்று நினைத்தபடி படம் எடுத்தாள். எழுந்திருக்கும்போது தோள் அரளிக் கிளையில் உரசியது. கறுப்புச் சட்டைக் கையில் மஞ்சள் தூள் கொட்டினாற்போல் இருந்தது. உற்றுப் பார்த்தாள். தூள் இல்லை, பூச்சி. கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாக, எல்லாம் செத்துக் கிடந்தன.

"மஞ்சள் அசுவினி," என்றார் தவமணிதேவி. "அரளி, எருக்கு, மெழுகுப்பூ, இந்தக் குடும்பம் எண்டால் அதுக்கு உயிர். நாங்க ரெண்டு குடும்பத்தையும் சேர்க்க முன்னமே அது சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது."

"மருந்து அடிச்சீங்களா?"

"மொட்டு விட்ட கொடிக்குப் பக்கத்தில மருந்தோ? சோப்புத் தண்ணி கூட நான் தெளிக்கேல்லை."

விஜயேந்திரன் அந்தச் சட்டைக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கொடியை யாராவது கேட்டதுண்டா என்று விசாரித்தார். இரண்டு முறை ஒருவர் வந்து ஒரு சின்னத் தண்டாவது தரச் சொல்லிக் கெஞ்சினார் என்றும், தான் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டதாகவும் தவமணிதேவி சொன்னார். குளுவாங்கில் உணவகம் வைத்திருப்பவர். பெயர் லியாக்கத் அலி.

ஆப்ரின் கைப்பேசியைப் பையில் போட்டாள். லியாக்கத் அலி அவள் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

*

குளுவாங் போகும் வழி. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் என்பதால் அவள் காரிலேயே இருந்துகொள்ளலாம் என்று விஜயேந்திரன் சொல்லிப் பார்த்தார்.

"வேணாம் பாஸ். மாமா திருடனா இருந்தா எங்கம்மாகிட்ட நான்தான் சொல்லணும். வேற யாராவது சொன்னா அவங்களை அடிச்சிடுவாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் காரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். மாமாவின் ஹோயா ஆசையை அவள் அறிவாள். புது வகை ஒன்று கிடைக்கும் என்றால் கடையை மூடிவிட்டுச் சிங்கப்பூர் வரை போவார். மாமியின் பிறந்த நாளை மறந்தவர், எந்தச் செடி எந்த மாதம் முதலில் பூத்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

மத்தியானக் கூட்டம். லியாக்கத் அலி கல்லாவைவிட்டு எழுந்து வந்து மருமகளின் தலையைத் தடவி, விஜயேந்திரனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, கேட்காமலேயே மூன்று தே தாரிக் தேநீர் சொன்னார். ரெங்கத்துக் கொடி காணாமல் போன செய்தியைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"மொட்டோடயா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதை விஜயேந்திரன் கவனித்ததை ஆப்ரின் கவனித்தாள்.

மாடியைப் பார்க்கலாமா என்று விஜயேந்திரன் பணிவாகக் கேட்டார். தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று லியாக்கத் அலிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். ஆப்ரின் மேசையில் இருந்த சீனி டப்பாவைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

மாடித் தாழ்வாரம் முழுக்க மெழுகுப்பூக் கொடிகள். வட்ட இலை, நீள இலை, இதய இலை. நிறையத் தண்டுகளில் மஞ்சள் அசுவினி மொய்த்துக்கொண்டிருந்தது, உயிரோடு. ஒவ்வொன்றையும் ஆப்ரின் தவமணிதேவி கொடுத்த படத்தோடு ஒப்பிட்டாள். கடைசித் தொட்டியைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டாள். அந்தக் கொடி அங்கே இல்லை.

"என்ன புள்ள, மாமன் கள்ளன் இல்லன்னு தெரிஞ்சிடுச்சா?" என்றார் லியாக்கத் அலி. கோபத்தைவிட வருத்தம்தான் குரலில் தெரிந்தது. பிறகு விஜயேந்திரன் பக்கம் திரும்பினார். "எனக்கு அந்தக் கொடி வேணும்னா ரெண்டு கணு போதும் சார். கத்தரிச்சுப் பாக்கெட்ல போட்டா டாக்டரம்மாவுக்கே தெரியாது. முழுச் சட்டியைத் தூக்கிட்டுப் போறவன் வியாபாரியும் இல்ல, என்னை மாதிரி ஆசைக்காரனும் இல்ல. அதுவும் மொட்டு நேரத்துல. அசைச்சா மொட்டு உதிரும்னு எங்க கூட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஒருத்தர் தூக்கிட்டுப் போனா?"

லியாக்கத் அலி யோசித்தார். "அங்கேயே விட்டா அதைவிட மோசம்னு நெனச்சிருக்கணும்."

தேநீர் மேலேயே வந்துவிட்டது. குடித்துக்கொண்டே அவர் தான் நேற்றுப் பட்ட பாட்டைச் சொன்னார். டாக்டரம்மா குடியிருக்கும் அதே ரெங்கம் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் துஆ ஓதல். பிரியாணிச் சட்டிகளோடு போன வண்டியைச் சாயங்காலம் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கிறார்களாம். தெரு முழுக்க டீசல் புகை. முடியும் வரை வண்டி அங்கேயே நின்றது, பிரியாணி ஆறிப்போனது.

விஜயேந்திரன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆப்ரின், உன் சட்டைக் கையைக் காட்டு."

அவள் நீட்டினாள். செத்த மஞ்சள் பூச்சிகள் இரண்டு மூன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் மருந்து அடிக்கவில்லை. புகை அடித்திருக்கிறது. அந்த டீசல் புகை வலைக்கூரைக்குள் புகுந்தபோது கொடி அங்கே இருந்திருந்தால், பூச்சி மட்டும் அல்ல, அன்றைக்கே மொட்டும் கருகி உதிர்ந்திருக்கும். அரளியும் எருக்கும் தாங்கும், அந்தக் கொடி தாங்காது.

"அப்போ திருடன் இல்ல பாஸ். ஆம்புலன்ஸ்," என்றாள் ஆப்ரின்.

விஜயேந்திரன் அதை அப்படியே ஒப்புக்கொண்டார். புகை வரப்போவது தெரிந்த ஆள், கொடியின் அருமை தெரிந்த ஆள், தாழ்ப்பாளைத் திரும்பப் போடுகிற ஆள். இவ்வளவு நல்ல மனுஷர், எடுத்துப் போகிறேன் என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? அங்கேதான் அவருக்கு முட்டியது.

ஆப்ரின் கைப்பேசியில் எருக்குச் சட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தனியாக நிற்கும் சட்டி. அடியில் தட்டு. அவளுக்குப் போன மாதம் நடந்த ஷப்னம் அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா குடும்பத்தை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த நாற்காலிகள் மட்டும் தூண் மறைவுக்குப் போயிருந்தன. யாருக்கும் கால் தடுக்கவில்லை. அவர்களைச் சொந்தமாக ஒப்புக்கொள்ளாத ஒரு மாமிதான் நகர்த்தியிருந்தார்.

"பாஸ், இது தடுக்கி நகர்ந்த சட்டி இல்ல. அரளி பக்கத்துல எருக்கு உட்காரக் கூடாதுன்னு யாரோ தூக்கி வெச்சிருக்காங்க. எருக்கு தனிக் குடும்பம்னு இன்னும் நம்புற ஆளு. அவசரத்துல வந்த இடத்துலகூட அதைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியாத ஆளு."

விஜயேந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அந்தப் பார்வையை அவள் பார்த்ததில்லை. லியாக்கத் அலி எழுந்து போய் மருமகளுக்கு ஒரு தட்டு முறுக்கு கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து அவர் மன்னித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

தவமணிதேவிக்கு அவளே போன் போட்டாள். அரளியும் எருக்கும் ஒன்று இல்லை என்று சாதிக்கிற யாரையாவது தெரியுமா என்று கேட்டாள்.

"ஒருத்தர் இருக்கிறார்," என்றார் தவமணிதேவி. "ஆனா அவர் என்ர வீட்டுப் பக்கம் வரமாட்டார். நாங்க கதைச்சுக் கனகாலம்."

*

சதாசிவம். அதே துறையில், பக்கத்து அறையில் வேலை செய்தவர். இரண்டு குடும்பங்களையும் சேர்த்தது சரியா என்று ஒரு கருத்தரங்கில் ஆரம்பித்த வாக்குவாதம், எல்லார் முன்னிலையிலும் முற்றி, வரக்கூடாத வார்த்தைகளில் போய் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. முன்பு அவரும் அதே தாமானில்தான், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். இப்போது பாலோ என்ற ஊரில்.

பாலோவுக்குப் போகும் வழியெல்லாம் ஆப்ரின் வெற்றிக் களிப்பில் இருந்தாள். தன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட நல்ல நாள் வராது என்று விஜயேந்திரனிடம் சொன்னாள். முதலில் கொடியைப் பார்ப்போம் என்றார் அவர்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் களிப்பு அப்படியே வடிந்தது.

கேட்டுக்கு இடது பக்கம் ஒரு செவ்வரளி. அதை ஒட்டி, கிளையோடு கிளை பின்னி, ஒரு எருக்கு. பார்த்தாலே தெரிந்தது, இரண்டையும் ஒரே குழியில் நட்டுப் பல வருஷம் ஆகியிருக்கிறது. எருக்கு தனிக் குடும்பம் என்று சாதிக்கிற மனுஷன் வீட்டு வாசலில் இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றன.

"அலமாக்," என்று முனகினாள் ஆப்ரின். "பாஸ், நான் சொன்னது எல்லாம் போச்சு."

விஜயேந்திரன் தாழ்வாரத்தைக் காட்டினார்.

அங்கே, காற்று படாத மூலையில், ஒரு தொட்டி தொங்கியது. நீண்டு மெலிந்த இலைகள். அடியில் குடைபோல ஒரு மொட்டுக் கொத்து. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பெரியவர் வண்ணம் தீட்டும் தூரிகையால் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூரிகை முனையில் மஞ்சள் அசுவினிகள் நெளிந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. புகை வருவதற்கு முன்பே கொடி கிளம்பிவிட்டது.

பெரியவர் எழுந்து அவர்களைப் பார்த்தார், பிறகு அவர்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"அவ வரேல்லையோ?"

யார் அனுப்பி வந்திருக்கிறார்கள் என்று விஜயேந்திரன் சொன்னதும் சதாசிவம் தலையை ஆட்டினார். மறைக்க அவருக்கு எதுவும் இல்லை. தாமான்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் இன்னும் இருந்தார். நேற்றுக் காலை புகை அடிக்கும் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். கொடி மொட்டு விட்ட செய்தி பொது நண்பர்கள் மூலம் முன்பே காதுக்கு வந்திருந்தது. தவமணிதேவிக்குப் போன் போட்டால் போகவில்லை; இவர் எண்ணை அவர் என்றைக்கோ அடைத்து வைத்திருந்தார். காரை எடுத்துக்கொண்டு ரெங்கத்துக்கு ஓடினால் வீடு பூட்டிக் கிடந்தது, தெருமுனையில் புகை அடிக்கும் வண்டி வந்து நின்றுவிட்டது. பக்கவாட்டுக் கேட்டின் தாழ்ப்பாள் அவருக்குப் பழைய பழக்கம். கொடியை முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியைப் போட்டு, லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்ட, ஊர்ந்து ஊர்ந்து பாலோ வந்து சேர்ந்திருக்கிறார்.

"இரவே கொண்டுபோய் வைக்கலாம் எண்டுதான் நினைச்சன். இங்க வந்து சேர்ந்து பார்த்தா முதல் மொட்டு வெடிக்கிற பருவம். இனி அசைக்க ஏலாது."

"பக்கத்து வீட்டுலயாவது சொல்லிட்டு வந்திருக்கலாமே சார்," என்றாள் ஆப்ரின்.

"நான் அவவுக்கே சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்."

"எப்படி?"

"எருக்குச் சட்டியைத் தள்ளி வச்சன், பிள்ளை." அவர் தூரிகையை மேசையில் வைத்தார். "அவவுக்குத் தெரிஞ்ச வரைக்கும், அரளிக்குப் பக்கத்தில இருந்து எருக்கைத் தூக்கித் தனியா வைக்கிற ஆள் இந்த நாட்டில நான் ஒருத்தன்தான். அவ பார்த்த உடனே நான் வந்தது விளங்கியிருக்க வேணும். விளங்கினா அவவே இங்க வந்திருப்பா. எழுதி வச்சா வாசிக்க மாட்டா. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா ஆளை அனுப்பி எடுப்பிப்பா. அவ தானா வரவேணும் எண்டு ஒரு ஆசை."

ஆப்ரின் விஜயேந்திரனைப் பார்த்தாள். அவர் தன்னை அறியாமல் விட்டது என்று அவள் பெருமையாகப் படித்த தடயம், வேண்டுமென்றே கையெழுத்துப் போட்டு விட்டுப் போன சேதி. அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பியிருந்தார். யாருக்கு அனுப்பினாரோ, அந்த அம்மையார்தான், கள்ளன் கால் தடுக்கினான் என்று அதைத் தாண்டிப் போய்விட்டார்.

"அப்போ வாசல்ல அரளியும் எருக்கும்?"

சதாசிவத்துக்கு வெட்கமாக இருந்தது போலும். கேட்டுப் பக்கம் பார்க்காமல் பேசினார். சண்டை நடந்த அடுத்த வருஷமே மரபணு ஆய்வுகளை உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறார். தவமணிதேவி சொன்னதுதான் சரி. அன்றைக்கே இரண்டையும் சேர்த்து நட்டார். அதை அவரிடம் போய்ச் சொல்ல மட்டும் வழியில்லாமல் போயிற்று.

விஜயேந்திரன் வாசலுக்குப் போய்ப் போன் போட்டார். கொடி பத்திரம், மொட்டு பத்திரம், பாலோவுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். மற்றதை அவரே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

*

தவமணிதேவியின் பழைய கார் வந்து நின்றபோது வெயில் செம்பனை மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அவர் வேகமாக உள்ளே வந்தார். முகத்தில் கோபம் தெரிந்தது. ஆள் யார் என்று வழியிலேயே ஊகித்திருப்பார். சொல்ல வேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வருகிறார் என்று ஆப்ரினுக்குத் தோன்றியது. அவள் விஜயேந்திரனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார்.

அரளியைப் பார்த்தார். அதோடு பின்னிக் கிடந்த எருக்கைப் பார்த்தார். குனிந்து இரண்டின் அடித்தண்டையும் தொட்டார், எவ்வளவு காலமாக இப்படி நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்போல. கழுத்துக் கண்ணாடியை எடுக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வழியெல்லாம் அடுக்கி வைத்த எதுவும் இல்லை.

தாழ்வாரத்தில் சதாசிவம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். விளக்கம் சொல்ல வாய் திறந்தார். தவமணிதேவி அதற்குள் கொடிக்குக் கீழே போய்விட்டார்.

மொட்டுக் கொத்தில் ஒன்று விரிந்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. வெளிர் மஞ்சளில், மெழுகில் வார்த்த நட்சத்திரம்போல, முகத்தைத் தரைக்குக் காட்டிக் கவிழ்ந்து தொங்கியது. யாரும் இதுவரை பார்த்திராத பூ. விஜயேந்திரன்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவமணிதேவி தரையில் முழங்காலிட்டு, கண்ணாடியைக் கண்ணில் வைத்து, பூவுக்குக் கீழே தலையைச் சாய்த்தார். வெளிச்சம் போதவில்லை. சதாசிவம் உள்ளே ஓடிப்போய் டார்ச்சை எடுத்துவந்து மேலே இருந்து அடித்தார்.

"கீழே பிடியுங்கோ, சதா," என்றார் தவமணிதேவி. "மேல இருந்து அடிச்சா நடுவில இருக்கிறது தெரியாது."

சதாசிவம் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவரும் மெல்ல, தூணைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மையாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு நரைத்த தலைகளும் ஒரு பூவுக்குக் கீழே நெருங்கின. மகரந்தப் பொட்டலம் தெரிகிறதா என்று சதாசிவம் கேட்டார். தெரிகிறது, ஆனால் அதன் காம்பு இப்படி வளைந்து தான் எங்கும் பார்த்ததில்லை என்று தவமணிதேவி சொன்னார். கண்ணாடி கை மாறியது. சதாசிவமும் பார்த்ததில்லை.

தவமணிதேவி பார்வையை எடுக்காமலேயே கைப்பேசியைத் துழாவி எடுத்துப் பினாங்கு நிபுணரை அழைத்தார். ரெங்கத்துக்கு வர வேண்டாம், பாலோவுக்கு வரவேண்டும் என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஓம், சதாசிவத்தின்ர வீடு. நாங்க ரெண்டு பேரும் இருப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

விஜயேந்திரன் ஆப்ரினின் முழங்கையைத் தட்டினார். இருவரும் சத்தம் வராமல் படி இறங்கினார்கள். யாரும் கவனிக்கவில்லை. கேட்டைச் சாத்தும்போது ஆப்ரின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சம் பூவின்மேல் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"நடுங்காமல் பிடியுங்கோ," என்று சொன்ன தவமணிதேவி, மறுபடி சொல்வதற்குப் பதிலாக சதாசிவத்தின் மணிக்கட்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் நின்றது.